படுவான்கரையில் ஏலியன் இறங்கும் திகில் நாவல்: காலம், தண்ணீர், சாவு எல்லாம் சரியா?

நாணற்புதர் கேட்டது:

படுவான்கரையில் (மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையில்) நடக்கிற திகில் நாவல் ஒன்றின் முதல் வரைவு முடிந்திருக்கிறது. ஊர் கற்பனை ஊர்தான். கொக்கட்டிச்சோலைக்குத் தெற்கே, வெல்லாவெளிக்கு வடக்கே, வாவியை ஒட்டி வைத்திருக்கிறேன். நூற்றெண்பது குடும்பம், ஒரு பிள்ளையார் கோயில், ஒரு கண்ணகி அம்மன் கோயில், ஒரு பள்ளிக்கூடம். இன்றைய காலம், டிசம்பர் மாதம்.

கதை இதுதான். முப்பது மீற்றர் நீளமான கலம் ஒன்று நெருப்புக் கோளமாக வந்து வாவிக்குள் விழுந்து மூழ்குகிறது. அன்றிரவே மீன்பாட்டு (வாவிக்குள் மீன் பாடுவதாகச் சொல்லும் ஓசை) நின்றுபோகிறது. மறுநாள் களவெட்டியில் (நெற்களத்தில்) சூடடித்துக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் சாகிறார். அதன்பின் ஊரவர் ஒவ்வொருவராக மாறுகிறார்கள்; முகமும் குரலும் அதே, உள்ளே இருப்பது வேறு. பதினோராம் நாள் கண்ணகி சடங்கு, அம்மனைக் குளிர்விக்கப் பாடும் குளிர்த்தியன்று உண்மை வெளிப்படுகிறது. கடைசியில் முகத்துவாரத்தை வெட்டிக் கடல்நீரை உள்ளே விட, உப்புப் பட்டு எல்லாம் செத்துப்போகின்றன.

வாசித்தவர்கள் “நல்லாயிருக்கு, ஆனால் பயம் வரவில்லை” என்கிறார்கள். எங்கே பிசகுகிறது? கையில் போன் இருக்கிற காலத்தில் ஊரை எப்படித் துண்டிப்பது? வானத்திலிருந்து விழுவதை எப்படி எழுதினால் பொருந்தும்? பிரதியாக மாறியவரை ஊரவர் எப்படிக் கண்டுபிடிப்பார்கள்? பேய், மந்திரம் என்று இழுக்காமல் பதில் தந்தால் நல்லது.

---

மண்முனைத்துறை எழுதியது:

தம்பி (தங்கச்சி என்றால் பொறுத்துக்கொள்ளுங்கள்), பயம் வராததற்கு முதல் காரணம் உங்கள் டிசம்பர் டிசம்பராக இல்லை.

மாரி வேளாண்மை ஒக்டோபர், நவம்பரில் விதைத்து பெப்ரவரி, மார்ச்சில் வெட்டுகிறது. டிசம்பரில் பயிர் முழங்கால் உயரம். உரம் எறிகிற, புல்லுக்கு மருந்தடிக்கிற காலம் அது. அப்போது களவெட்டியும் இல்லை, சூடும் இல்லை. போதாக்குறைக்கு இப்போது பெரும்பாலான வட்டைகளில் (வயல்வெளிகளில்) வெட்டு மெசின் இறங்கி அங்கேயே நெல்லைக் கொட்டிவிட்டுப் போகிறது. கண்ணகி சடங்கு வைகாசியில். கதவு திறப்பதும் குளிர்த்தி பாடுவதும் மே, ஜூன் வெயிலில். நீங்கள் மூன்று பருவத்தைப் பதினொரு நாளுக்குள் அடைத்திருக்கிறீர்கள். படுவான்கரை வாசகர் ஐந்தாம் பக்கத்திலேயே புத்தகத்தை மூடிவிடுவார்.

டிசம்பருக்கென்று ஊரில் இருப்பதை எடுங்கள். மார்கழித் திருவெம்பாவை பத்து நாள். விடிய நாலு மணிக்குச் சங்கும் சேகண்டியுமாக ஒரு கூட்டம் தெருத்தெருவாகப் பாடிக்கொண்டு போகும். மழை தூறும், தெருவில் முழங்கால் தண்ணீர், லைற் இல்லை. முன்னால் ஒருவர் பாட்டுப் பிடிக்க, பின்னால் மற்றவர்கள் வாங்கிப் பாடுவார்கள். புறப்பட்டது ஒன்பது பேர். மூன்றாம் ஒழுங்கை தாண்டும்போது பின்னால் வாங்கிப் பாடுகிற குரல் ஒன்று கூடியிருக்கிறது. சொல் ஒன்றும் பிசகவில்லை, ஆனால் மூச்சு வாங்குகிற இடமே இல்லை. இதை எழுதினால் குளிர்த்திக் காட்சியே உங்களுக்குத் தேவைப்படாது.

அடுத்தது வாவி. நீளம் ஐம்பத்தாறு கிலோமீற்றர் என்பதால் ஆழமும் அப்படியே என்று நினைத்துவிட்டீர்கள் போல. ஆகக்கூடிய ஆழமே ஏறக்குறைய நாலு மீற்றர்தான், பல இடங்களில் தோணிக்காரர் தாங்கு கம்பு ஊன்றியே போவார்கள். முப்பது மீற்றர்க் கலம் மூழ்காது, வெளியே துருத்திக்கொண்டு நிற்கும். மறுநாள் காலையில் இறால்காரர் அதில் வலை காயப்போடுவார்கள். ஒன்றில் கலத்தைச் சின்னதாக்குங்கள், இல்லாவிட்டால் கலமே வேண்டாம்.

மீன்பாட்டையும் விட்டுவிடுங்கள். மட்டக்களப்பை வைத்து எழுத வருகிற எல்லோருக்கும் முதலில் தோன்றுவது அதுதான். அது கேட்பதாகச் சொல்வது கல்லடிப் பாலத்தடியில், பௌர்ணமியை ஒட்டி, கோடை அமைதியில். துடுப்பின் ஒரு முனையைத் தண்ணீருக்குள் விட்டு மறுமுனையைக் காதில் வைத்துக் கேட்பார்கள். மழை கொட்டுகிற மார்கழியில் வாவிக்கு மேற்கே ஒரு கிராமத்தில் அது நின்றதை யார் கவனிப்பது?

துண்டிப்பதற்கு மாயக் கவசம் எதுவும் தேவையில்லை, மழையே போதும். படுவான்கரைக்கு எழுவான்கரையிலிருந்து (கிழக்குக் கரையிலிருந்து) வர வலையிறவு, மண்முனை, பட்டிருப்பு என்று மூன்று பாலம். 2014இல் மண்முனைப் பாலம் திறக்கும் வரை அந்த இடத்தில் பாதையில்தான் (மிதவையில்) கடந்தார்கள். அம்பிளாந்துறையிலிருந்து குருக்கள்மடத்துக்கும், மண்டூரிலிருந்து குருமண்வெளிக்கும் பாதை ஓடும். பெருவெள்ளத்தில் தண்ணீருக்குள் போவது பாலமல்ல, பாலத்துக்குப் போகிற உள்வீதி. 2011 ஜனவரி வெள்ளத்தைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். முதலில் மோட்டார் சைக்கிள் நிற்கும், பிறகு பஸ், அதன்பின் உழவு மெசின் பெட்டியில் ஆட்களை ஏற்றுவார்கள். இழுவை வேகம் கூடி மெசினும் நின்றால் தோணிதான். இந்த ஒழுங்கிலேயே ஒவ்வொரு கதவாகச் சாத்துங்கள். வாசகருக்கு மூச்சு முட்ட வேண்டுமென்றால் ஒரே அடியாகப் பூட்டக் கூடாது.

போன்: மின்சாரம் போனவுடன் கோபுரம் செத்துவிடாது. பற்றரி சில மணி நேரம் தாங்கும், பிறகு ஜெனரேட்டருக்கு டீசலோடு யாராவது வர வேண்டும். வீதி மூழ்கினால் ஆள் வராது. ஆகவே சிக்னல் போவது இரண்டாம் நாள், சார்ஜ் போவது அதற்கும் முன்பின். ஆனால் முழுக்க அணைத்துவிடாதீர்கள். வாவி வெட்டவெளி. அக்கரைக் கோபுரத்தின் சிக்னல் ஒரு கோடு, உயரமான குளக்கட்டில் ஏறினால் மட்டும் கிடைக்கிறது என்று வையுங்கள். 117க்கு (இடர் முகாமைத்துவம்) எடுக்க ஒருவர் இரவில் தனியே குளக்கட்டுக்குப் போகத்தான் வேண்டும். எடுத்தாலும் அங்கே என்ன சொல்வது? “வெள்ளத்தில் எத்தனை குடும்பம் பாதிப்பு?” என்றுதான் கேட்பார்கள். கிராம சேவகர் அனுப்புகிற பட்டியலில் ஏலியனுக்கு நிரல் கிடையாது.

---

வால்வெள்ளி எழுதியது:

வானத்துப் பகுதிக்கு மட்டும் வருகிறேன்.

டிசம்பர் வடகீழ்ப் பருவமழை என்றால் முகில் மூடியிருக்கும். நெருப்புக் கோளம் உருண்டு வருவதை யாரும் பார்க்க மாட்டார்கள். முகில் முழுக்க உள்ளிருந்து வெள்ளையாக ஒருமுறை ஒளிரும், அவ்வளவுதான். ஊர் அதை மின்னல் என்றே எடுத்துக்கொள்ளும். உங்கள் நாவலுக்கு இது நட்டமில்லை, பெரிய லாபம்.

சத்தத்தை இங்கே சரியாகப் பிடியுங்கள். ஒலி செக்கனுக்கு ஏறக்குறைய 330 மீற்றர். விண்கல் 30 கிலோமீற்றர் உயரத்தில் வெடித்தால் நேர் கீழே இருப்பவருக்கே சத்தம் வர ஒன்றரை நிமிடம். அறுபது கிலோமீற்றர் தள்ளி என்றால் மூன்று நிமிடத்துக்கு மேல். இடியோ இருபது கிலோமீற்றருக்கு அப்பால் பெரும்பாலும் கேட்காது, அதாவது மின்னி ஒரு நிமிடத்துக்குள் முழங்காவிட்டால் முழங்கவே மாட்டாது. மின்னலுக்குப் பிறகு எண்ணிப் பார்க்கிற பழக்கமுள்ள ஒரு பிள்ளையை வையுங்கள். அறுபது வரை எண்ணுகிறாள், ஒன்றுமில்லை. விட்டுவிடுகிறாள். நூற்று எண்பது வரை எண்ணியிருந்தால் தெரிந்திருக்கும். ஊரவர் கேட்கும் முழக்கத்தை அந்த வெளிச்சத்தோடு யாருமே சேர்த்துப் பார்ப்பதில்லை. 2013 பெப்ரவரி 15இல் ரஷ்யாவின் செல்யாபின்ஸ்கில் காயப்பட்ட ஏறக்குறைய ஆயிரத்து ஐந்நூறு பேரில் பலர், வெளிச்சத்தைப் பார்க்க யன்னலருகே வந்து நின்றவர்கள். அதிர்ச்சி அலை பிந்தி வந்து கண்ணாடியை உடைத்தது.

விழுந்த கல் எரிந்துகொண்டிருக்காது. சிறிய கற்கள் உயரத்திலேயே வேகம் இழந்து, கடைசிப் பல கிலோமீற்றர் ஒளியில்லாமல் சும்மா விழுகின்றன. புல் பற்றாது, தண்ணீர் கொதிக்காது. சேற்று வயலில் ஒரு பொந்து, அவ்வளவுதான். கருப்பு ஓடு போர்த்திய கல்.

குழி வேண்டுமென்றால் நம்பக்கூடிய அளவு இருக்கிறது. 2007 செப்டெம்பர் 15இல் பெருவில் கரங்காஸ் என்ற கிராமத்தருகே விழுந்த கல் பதின்மூன்று மீற்றர் அகலக் குழியைத் தோண்டியது. நிலத்தடி நீர் ஊறிக் குழி நிரம்பிற்று. பார்க்கப் போன ஊரவருக்குத் தலையிடி, வாந்தி. ஆர்செனிக் கலந்த நிலத்தடி நீரின் ஆவி காரணமாக இருக்கலாம் என்று பிறகு விளக்கம் சொன்னார்கள். கிராமம், குழி, நாற்றம், நோய், பிந்தி வருகிற விளக்கம் எல்லாம் அங்கே வரிசையாகக் கிடக்கிறது. டிசம்பர் வயலில் அந்தக் குழி தெரியவே தெரியாது. எல்லாம் தண்ணீர்தானே.

“அரசாங்கத்துக்கு முன்பே தெரிந்திருக்கும்” என்ற அத்தியாயம் வைத்திருந்தால் கவனம். 2015 நவம்பர் 13இல் இலங்கைக்குத் தெற்கே கடலுக்கு மேல் எரிந்த ஒரு விண்பொருளை ஒக்டோபரிலேயே கண்டு, நாளும் நேரமும் கணித்திருந்தார்கள். அது பூமியைச் சுற்றிக்கொண்டிருந்த பொருள் என்பதால் முடிந்தது. வெளியிலிருந்து நேரே வருகிற ஒன்றிரண்டு மீற்றர்க் கல்லைப் பெரும்பாலும் யாரும் முன்கூட்டிக் காண்பதில்லை.

---

நாணற்புதர்:

களவெட்டியையும் கலத்தையும் தூக்கிவிட்டேன். அண்ணன்மார் இருவருக்கும் நன்றி (நான் தங்கச்சிதான்). கலம் இல்லையென்றால் அது எப்படி ஊருக்குள் பரவும்? தண்ணீர் வழியே என்றால் எல்லோரும் ஒரே நாளில் மாறிவிடுவார்களே, கதை முடிந்துவிடும்.

---

இடதுகரை எழுதியது:

சம்மாந்துறைப் பக்கத்து நீர்ப்பாசனத்தை வைத்துச் சொல்கிறேன். தண்ணீர் ஒரே நாளில் எல்லோருக்கும் போகாது. அதுதான் உங்களுக்குக் கிடைத்த வரப்பிரசாதம்.

வெள்ளத்தை விட்டுச் சிறுபோகத்துக்கு (கோடை நெற்போகத்துக்கு) வாருங்கள். கல்லோயாத் திட்டம் 1949இல் தொடங்கியது. இங்கினியாகலையில் அணை, பின்னால் சேனாநாயக்க சமுத்திரம். உங்கள் முப்பது மீற்றர்க் கலம் இங்கே தாராளமாக மூழ்கும். நீருக்குள் பழைய காடு, நடுவே தீவுகள், யானைகள் தீவுக்குத் தீவு நீந்திப் போகிற இடம். அங்கிருந்து இடதுகரைப் பிரதான வாய்க்கால், கிளை வாய்க்கால், வயல் வாய்க்கால் என்று இறங்கிக் கடைசியில் எங்கள் பக்கத்து வட்டைகளுக்கு வருகிறது. வாய்க்கால் தொடங்கும் தலைப்பில் சிங்களக் குடியேற்றங்கள், கடைசியில் தமிழ், முஸ்லிம் ஊர்கள். தலைப்பிலுள்ளவர் கூட எடுத்தால் கடைசிக்குத் தண்ணீர் பிந்தும், குறையும். இது இங்கே பழைய பிணக்கு.

போகம் தொடங்கமுன் ஆரம்பக் கூட்டம் வைப்பார்கள். முதல் தண்ணீர் திறக்கும் திகதி, விதைப்பு முடிக்கும் திகதி, கடைசித் தண்ணீர்த் திகதி எல்லாம் அங்கே தீர்மானம். அதன்பின் முறைத் தண்ணீர்: இந்தக் கிளைக்கு இத்தனை நாள் திறப்பு, இத்தனை நாள் பூட்டு. அந்த அட்டவணையை அப்படியே எடுத்து உங்கள் படையெடுப்புக்கு வையுங்கள். எந்த ஊர் எந்த நாளில் விழும் என்பது வட்டவிதானை (வயல் தண்ணீரைக் கவனிப்பவர்) கையிலுள்ள தாளில் இருக்கிறது. வாசகர் அதைக் கண்டுபிடித்துவிட்ட பிறகு, ஒவ்வொரு கதவு திறப்பும் கலெண்டரில் நாள் எண்ணுவதாகிவிடும்.

இன்னொன்று. தலைப்பு ஊரில் என்ன நடந்தது என்று கடைசி ஊருக்குத் தெரியாது. அங்கிருந்து ஒருவர் ஓடிவந்து சிங்களத்தில் கத்துகிறார். கடைசி ஊரில் அதை விளங்கிக்கொள்ளக் கூடியவர் ஒரே ஒருவர், அவரும் முழுசாகச் சொல்லாமல் பாதியை மறைக்கிறார். ஏன் மறைக்கிறார் என்பதை நீங்கள் பாருங்கள்.

டிசம்பர் வேண்டாமென்றால் ஊரைத் துண்டிக்க முடியாதே என்று மண்முனைத்துறை அண்ணன் வருவார். உண்மைதான், ஏப்ரலில் வீதி காய்ந்து கிடக்கும். அதனால் நாவலை இரண்டாகப் பிரியுங்கள். மாரியில் விழுகிறது, வெள்ளத்தில் துண்டுபட்ட ஒரே ஊருக்குள் முட்டையிடுகிறது, ஊர் மீண்டதாக எல்லோரும் நினைக்கிறார்கள். சிறுபோகத்தில் வாய்க்கால் திறக்கிறது.

---

வாட்டு எண் 9 எழுதியது:

சாவுகளைப் பற்றி யாரும் சொல்லவில்லை. உங்கள் கதையில் முதல் ஆள் செத்ததும் ஊர் “மர்மம்” என்று பதறுகிறது. அப்படிப் பதறாது. மார்கழி வெள்ளத்தில் ஆள் சாவதற்கு இங்கே காரணங்கள் தயாராக இருக்கின்றன: வாவியில் என்றால் முதலை, வயலோரம் என்றால் யானை, வரம்பில் என்றால் புடையன் பாம்பு, காய்ச்சல் என்றால் டெங்கு அல்லது எலிக்காய்ச்சல். முதல் நாலு சாவுக்கும் நாலு பெயர் வையுங்கள், ஒவ்வொன்றையும் ஊர் முழுமனதோடு நம்பட்டும். ஐந்தாவதில்தான் ஒருவருக்கு, “இந்த வருஷம் இத்தனையுமா?” என்று தோன்ற வேண்டும்.

எலிக்காய்ச்சலைப் பிடியுங்கள், உங்களுக்கென்றே இருக்கிறது. எலி, மாட்டின் சிறுநீர் கலந்த வயல் தண்ணீரிலிருந்து, காலில் இருக்கும் சின்ன வெட்டு வழியே கிருமி ஏறுகிறது. பெரும்பாலும் 5 முதல் 14 நாளுக்குள் காய்ச்சல். கெண்டைக்கால் தசையில் தொட முடியாத நோவு. கண் சிவக்கும், ஆனால் பீளை தள்ளாது. முற்றினால் மஞ்சள், சிறுநீர் குறைவு, சிறுநீரகம் செயலிழப்பு, நுரையீரலில் இரத்தக்கசிவு. உங்கள் மாற்றத்தின் முதல் வாரம் இதே குறிகளோடு வரட்டும். வைத்தியர் பிழை விடவில்லை, பார்த்ததைச் சரியாகத்தான் வாசிக்கிறார். பயம் அங்கேதான் இருக்கிறது. பிறகு நோயாளி சுகமாகிறார். அளவுக்கு மீறிச் சுகமாகிறார்: மூன்றாம் நாளே நோவில்லாமல் குந்தி எழும்புகிறார், கண் மட்டும் வெளுக்கவில்லை.

மருந்தையும் கதைக்குள் கொண்டுவரலாம். ஆபத்துக் காலத்தில் வயலில் இறங்குகிறவர்களுக்குப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் தடுப்பாக டொக்சிசைக்கிளின் கொடுப்பார். வாரம் 200 மில்லிகிராம், அதாவது 100 மில்லிகிராம் குளிசை இரண்டு. வயலில் இறங்குகிறவர் இருநூறு என்றால் வாரம் நானூறு குளிசை. உங்கள் ஜந்து எலிக்காய்ச்சல் கிருமியையே வாகனமாக்கி ஏறுகிறது என்று விதி வைத்தால், குளிசையை ஒழுங்காகப் போட்டவர் மாற மாட்டார். வாங்கி யன்னலில் வைத்துவிட்டுப் போடாமல் விட்டவர்தான் மாறுவார். ஊரில் அப்படி எத்தனை பேர் என்று உங்களுக்கே தெரியும். பரிசோதகரின் பெயர்ப் பட்டியல் அப்போது யார் மனிதர் என்று சொல்கிற ஒரே ஆவணம், அதுவும் பொய்ப் பட்டியல். ஏனென்றால் அதில் இருப்பது வாங்கியவர் பெயர், விழுங்கியவர் பெயரல்ல.

பிரேதத்தை அவசரப்பட்டு எரிக்காதீர்கள். சந்தேகச் சாவென்றால் பொலிஸ் வர வேண்டும், திடீர் மரண விசாரணை அதிகாரி பார்க்க வேண்டும், தேவைப்பட்டால் நீதவான் உத்தரவோடு சட்ட வைத்திய அதிகாரியிடம் மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலைக்குப் போக வேண்டும். வீதி மூழ்கினால் இதில் ஒன்றும் நடக்காது. உறவினர் காத்திருப்பார்கள். பள்ளிக்கூட வகுப்பறை ஒன்றில், மேசை இரண்டைச் சேர்த்து, ஐஸ் கிடையாமல், மூன்று நாள் ஒரு பிரேதம். அது பழுதாகவில்லை என்பதை முதலில் கவனிப்பது இலையான் விரட்ட இருத்திய பிள்ளை. விரட்ட இலையான் ஒன்றும் வரவில்லை.

---

பறைமேளம் எழுதியது:

ஊரவர் நடத்தையைப் பற்றி. உங்கள் வரைவில் கூட்டம் கூடி, கதைத்து, திட்டம் போடுகிறார்கள். கூட்டத்துக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. 2011 ஓகஸ்டில் கிறீஸ் பூதம் என்று கிழக்கிலும் மலையகத்திலும் புத்தளத்திலும் எழும்பிய பீதியை எடுத்துப் பாருங்கள். உடம்பெல்லாம் கிறீஸ் பூசியவன் இரவில் வருகிறான், பெண்களைத் தாக்குகிறான் என்று ஊருக்கு ஊர் கதை. இளைஞர்கள் பொல்லோடு காவல், கோயில் மணி, பள்ளிவாசல் ஒலிபெருக்கி, விரட்டினால் முகாமுக்குள் ஓடிவிட்டான் என்ற குற்றச்சாட்டு, அதன்பின் படையினரோடு மோதல். புத்தளத்தில் ஒரு பொலிஸ்காரர் கொல்லப்பட்டார், வேறிடங்களில் சந்தேகத்தில் பிடிபட்ட சாதாரண ஆட்கள் அடித்துக் கொல்லப்பட்டார்கள். உங்கள் ஊரும் ஏலியனை அடிக்க மாட்டாது. புடவை மூட்டையோடு வந்து வெள்ளத்தில் அகப்பட்ட வியாபாரியைத்தான் முதலில் அடிக்கும். அது மூன்றிலொரு பங்கில் நடந்துவிட வேண்டும். அதற்குப்பின் யாரையும் யாரும் வாய்விட்டுச் சந்தேகப்பட மாட்டார்கள், ஜந்துக்கு அதைவிட வசதி வேறென்ன?

சீருடைக்காரர் வந்து காப்பாற்றுகிற அத்தியாயம் உங்களிடம் இருப்பதாக ஊகிக்கிறேன். போர்க்காலச் சுற்றிவளைப்பையும் தலையாட்டியையும் (முகத்தை மூடி, தலையசைத்து ஆளைக் காட்டிக்கொடுப்பவரையும்) பார்த்த ஊர் அது. லொறிச் சத்தம் கேட்டால் வெளியே ஓடி வராது, உள்ளே போய் விளக்கை அணைக்கும். இடம்பெயர்ந்து பழகிய வீடுகளில் ஒரு பொலித்தீன் பை எப்போதும் ஆயத்தம்: அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி, இரண்டு நகை. மாறிப்போனவர் வீட்டை விட்டு ஓடும்போது அந்தப் பையை எடுக்க மாட்டார். அவருக்கு அது வெறும் பை. ஒரு வரி போதும், விளக்கம் வேண்டாம்.

பிரதியைக் கண்டுபிடிக்க இரகசியக் கேள்வி, சின்ன வயது நினைவு என்று போகாதீர்கள், அது எல்லா ஊர்க் கதையிலும் வந்து தேய்ந்தது. எங்களிடம் குடி (குலப்பிரிவு) இருக்கிறது. உலகிப்போடி குடி, காலிங்கா குடி, படையாட்சி குடி, பணிக்கனா குடி என்று. தாய் வழிதான், பிள்ளை தாயின் குடி. கோயிலில் யார் முன்னுக்கு, யாருக்கு என்ன வரிசை என்பதெல்லாம் அதன்படி. வண்ணக்கர் (கோயில் நிர்வாகி) குடி பார்த்துத்தான் கூப்பிடுவார். ஜந்து ஆளின் நினைவை எடுப்பதில்லை, வீட்டையும் கடதாசியையும் பார்த்துத்தான் படிக்கிறது என்று விதி வையுங்கள். பதிவுத் தாளில் தகப்பன் பெயர் முன்னால். ஆகவே அது தகப்பன் குடியில் போய் நிற்கும். வரிசை கொடுக்கிற நேரத்தில் ஒருவர் இரண்டடி தள்ளித் தப்பான பக்கத்தில் நிற்கிறார், வண்ணக்கர் வாசித்துக்கொண்டிருந்ததை நிறுத்துகிறார். இன்னொன்று, இங்கே மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போகிறார். புதிதாகக் கலியாணம் முடித்து வந்தவரின் பழைய குணம் அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. அது முதலில் நுழைய வேண்டிய ஆள் அவர்.

பேச்சு: கதைசொல்லி பொதுத் தமிழில் எழுதட்டும், ஆட்கள் வாய் திறந்தால் மட்டும் ஊர்ப்பேச்சு. அதுவும் அளவோடு. “கிறுகிப் பாக்காத மனே, நட.” இவ்வளவு போதும். பெண்கள் தங்களுக்குள் “என்னகா”, “வாகா” என்பார்கள். மாறிப்போன பெண் எல்லாச் சொல்லையும் சரியாகச் சொல்கிறாள், ஆனால் ஆம்பிளைப் பிள்ளையையும் “கா” போட்டுக் கூப்பிடுகிறாள். மட்டக்களப்பார் மந்திரத்தால் ஆளைப் பாயோடு ஒட்டவைப்பார்கள் என்கிற பழைய பகிடியைத் தயவுசெய்து எங்குமே போடாதீர்கள்.

இடதுகரைக் காக்காவோடு (அண்ணனோடு) ஓரிடத்தில் நான் உடன்பட மாட்டேன். ஊர் ஊராக விழுகிற கதை பெரிய வரைபடம். ஒரே ஊர், ஒரே வெள்ளம், பன்னிரண்டு நாள் என்றால் பயம் இறுகும். வாய்க்கால் திறப்பதைக் கடைசி அத்தியாயத்துக்கு மட்டும் வையுங்கள். அறுபதாயிரம் சொல்லுக்கு இருபத்துநாலு அத்தியாயம், பதினாறாவது வரை ஜந்தின் முழு உருவத்தைக் காட்டாதீர்கள்.

---

இடதுகரை:

கடைசி அத்தியாயம் என்றாலும் சரி. ஆனால் ஆரம்பக் கூட்டம் முழுசாக வர வேண்டும். வழக்கமாக விவசாயிகள் திகதிக்குச் சண்டை பிடிக்கிற இடத்தில், ஒருவரும் சத்தம் போடாமல் எல்லோரும் ஒரே திகதிக்குக் கையுயர்த்துகிற கூட்டம். அப்படி ஒரு கூட்டத்தை இங்கே யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

---

நாணற்புதர்:

கடல்நீர் முடிவைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லையே. அதுவும் போக வேண்டுமா?

---

மண்முனைத்துறை:

போக வேண்டாம் தங்கச்சி, திருப்பிப் போட வேண்டும்.

முகத்துவாரம் வெட்டினால் கடல் உள்ளே வராது, முதலில் வெள்ளம் வெளியே போகும். வாவி மட்டம் உயர்ந்து நிற்பதால்தானே வெட்டுகிறார்கள். பாலமீன்மடுவிலோ பெரியகல்லாற்றிலோ மணல் திட்டில் சின்னதாக ஒரு கீறல் கீறிவிட்டால் போதும், ஓட்டமே அரித்து அகலமாக்கிக்கொள்ளும். மட்டம் இறங்கிய பிறகுதான் கடல்நீர் ஏற்றத்தோடு கொஞ்சம் கொஞ்சமாக ஏறும், அதுவும் முகத்துவாரத்துக்குக் கிட்ட முதலில். உங்கள் ஊருக்கு உப்பு வந்து சேர்வதற்குள் கதை முடிந்திருக்கும். வெள்ளத்தோடு வருகிற ஆற்றுவாழையை (ஆகாயத்தாமரையை) பாருங்கள், நன்னீரில் கொழுத்து உப்பில் கருகும். ஆனால் வெட்டிய மறுநாளே கருகாது.

வெட்டுவதா இல்லையா என்பதிலேயே இழுபறி உண்டு. வயல் மூழ்கியவர் வெட்டு என்பார், இறாலுக்குக் காத்திருப்பவர் பொறு என்பார், முடிவு கச்சேரியில் (மாவட்டச் செயலகத்தில்). உங்கள் ஆட்கள் வெட்டச் சொல்லிப் போராடி வென்று, மட்டம் மளமளவென்று இறங்கட்டும். இறங்கும்போது வாவிக்குள் இருந்தவை சாகவில்லை. தண்ணீர் எங்கே தங்குமோ அங்கே போகின்றன. தங்குகிற இடம் வயல். வரம்பு கட்டி, வக்கடை (வரம்பில் தண்ணீர் விடும் வாய்) பூட்டி, கணுக்கால் தண்ணீர் பிடித்து வைத்திருக்கிறோமே.

அந்த இடத்தில் வால்வெள்ளி சொன்ன குழியையும் சேர்த்துவிடலாம். வயல்காரர் விடிய வருகிறார், வக்கடை பூட்டியபடி, வரம்பில் நண்டுப் பொந்துகூட இல்லை, ஆனால் ஒரு துண்டில் மட்டும் தண்ணீர் இல்லை. பக்கத்துத் துண்டில் பயிர் நுனி மட்டும் தெரிய நிறைந்திருக்கிறது. இதை முதல் அத்தியாயத்திலேயே, யாரும் கவனிக்காதபடி, வயல்காரர் அயலவனை ஏசுகிற சண்டையாக வைத்துவிடுங்கள்: “என்ர வக்கடைய ஆர் இரவு திறந்த?” திருத்தி எழுதியதும் அந்த ஒரு அத்தியாயத்தை இங்கே ஒட்டுங்கள், வயல் வேலை நாளுக்கு நாள் பொருந்துகிறதா என்று பார்த்துச் சொல்கிறேன். உரம் எறிந்த அன்றைக்கு வக்கடை திறந்திருந்தது என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், உரம் முழுக்கத் தண்ணீரோடு போய்விடும். எந்த வயல்காரரும் அதைச் செய்ய மாட்டார்.